உளவியலில் எந்தப் பாடத்தை எடுப்பது?

உளவியல் படிக்கவென்று பல்கலைக்கழகத்துக்குள் வரும் பிள்ளைக்கு முதல் வருடம் முடிந்ததும் ஒரு தெரிவு காத்திருக்கிறது. கட்டாயப் பாடங்கள் போக மிச்சமுள்ள அலகுகளில் எவற்றை எடுப்பது? சீனியர்மாரிடம் கேட்டால் எதற்கு நோட்ஸ் இருக்கிறது, எந்தப் பாஸ்ட் பேப்பரில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன, எந்த விரிவுரையாளர் புள்ளி போடுவதில் இறுக்கமானவர் என்று சொல்வார்கள். வீட்டில் கேட்டால் எது வேலை தரும் என்பார்கள். பிள்ளையின் மனமோ பெரும்பாலும் உளவளத்துணை, அசாதாரண உளவியல், குழந்தை உளவியல் என்ற பக்கமே சாயும். ஆராய்ச்சி முறையியல், புள்ளிவிபரவியல், உளவியல் அளவீடு, மூளையும் உடலும் சார்ந்த உயிரியல் உளவியல் ஆகியவை 'கட்டாயமென்றால் பார்ப்போம்' என்ற கடைசி வரிசையில் நிற்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். எந்த ஊர் மாணவருக்கும் இது பொருந்தலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து உளவியல் படிப்பவருக்கு இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

உளவளத்துணையின் பக்கம் மனம் சாய்வதற்கு இங்கே நியாயமான காரணம் உண்டு. திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆகச் சில ஆண்டுகளிலேயே போர் வந்து சேர்ந்தது. உளவியல் இங்கே மெய்யியலோடு ஒட்டி வளர்ந்த பாடம்தான். ஆனால் ஊரில் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை மருத்துவ பீடமும் வைத்தியசாலை விடுதிகளும் 1987 முதல் உளவளத்துணைப் பணி செய்துவரும் சாந்திகம் போன்ற நிறுவனங்களும். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமிழில் எழுதிய 'மனவடு', 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' ஆகிய நூல்கள் இந்தச் சமூகத்தின் காயத்துக்கு ஒரு பெயரும் வடிவமும் கொடுத்தன. ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் உளசமூகப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். இப்படி வளர்ந்த ஊரில் உளவியல் என்றாலே ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து அவர் துயரத்தைக் கேட்பது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணியைச் சரியாகச் செய்வதற்கான அடித்தளம் வேறு பாடங்களில் இருக்கிறது என்பதைத்தான் அது மறைத்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தின் உளநிலை பற்றி உலகம் அடிக்கடி மேற்கோள் காட்டும் எண்களை எடுத்துக்கொள்வோம். 2009இல், போர் முடிந்து சில மாதங்களில், யாழ். மாவட்டத்தில் 1,517 வீடுகளை மாதிரியாக எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதமானவர்களிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 சதவீதமானவர்களிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 சதவீதமானவர்களிடமும் காணப்பட்டன. இன்னொரு பக்கம், வன்னிப் பாடசாலைகளில் 420 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் சாவு போன்ற கொடிய அனுபவங்களைக் கடந்தவர்கள் என்றும், நூற்றுக்கு 25 பேர் மனவடு நோயின் வரையறைக்குள் வருகிறார்கள் என்றும் சொன்னது. ஒரே போர், ஒரே மொழி பேசும் மக்கள். ஓர் எண் 7, மற்றது 25. ஏன்? ஒன்று பெரியவர்கள், மற்றது பிள்ளைகள். ஒன்று குடாநாடு, மற்றது வன்னி. காலம் வேறு, கேட்ட வினாக்கள் வேறு, வினவியவர்கள் வேறு. வன்னி ஆய்வில் பிள்ளைகளிடம் பேசியவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். அவர்களின் மதிப்பீடு சரிதானா என்று பார்க்க 67 பிள்ளைகளை நிபுணர்கள் மறுபடியும் நேர்கண்டார்கள். 'அறிகுறி உண்டு' என்று ஒரு வினாக்கொத்து சொல்வதும் 'நோய் உண்டு' என்று ஒரு மருத்துவர் சொல்வதும் ஒன்றல்ல. மாதிரி எடுத்தல், நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்பவற்றைப் படிக்காத பட்டதாரி இந்த இரண்டு எண்களில் எது பெரிதோ அதைத் தன் திட்ட முன்மொழிவில் எழுதுவார். படித்தவர் இரண்டுக்கும் இடையில் நின்று கேள்வி கேட்பார். நிதி கொடுப்பவருக்கு முன்னால் நம் ஊருக்காகப் பேசத் தகுதி உள்ளவர் இரண்டாமவர்தான்.

சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் அடித்துப்போன பின், வடகிழக்கில் ஓர் அகதி முகாமில் 31 பிள்ளைகளிடம் ஒரு சிகிச்சைப் பரிசோதனை நடந்தது. போரையும் சுனாமியையும் சேர்த்துப் பட்ட பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு, நடந்தவற்றை வரிசையாகச் சொல்லவைத்துப் பயத்தைக் கரைக்கும் கதைசொல்லல் சிகிச்சை ஆறு அமர்வுகள். மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஆறு மாதத்தின் பின் முதற் குழுவில் 81 சதவீதமும் இரண்டாம் குழுவில் 71 சதவீதமும் நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள்.

இந்த முடிவை அவசரமாக வாசிப்பவர் கதைசொல்லல் சிகிச்சைதான் சிறந்தது என்று எழுதிவிடுவார். 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தால் ஒரு குழுவில் பதினைந்து, பதினாறு பேர்தான். பத்துச் சதவீத வித்தியாசம் என்பது ஒன்றிரண்டு பிள்ளைகள். தற்செயலாகவே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். ஆய்வாளர்களும் இரண்டு முறைகளுக்கும் இடையில் கணிசமான வேறுபாடு இல்லையென்றே அறிவித்தார்கள். அதற்கும் மேல் ஒரு கேள்வி இருக்கிறது. எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு ஒன்று அங்கே இருக்கவில்லை. முகாமில் ஆறு மாதம் போனால், தாய் தகப்பன் பக்கத்தில் இருந்தால், பள்ளிக்கூடம் திறந்தால், எத்தனை பிள்ளைகள் தாமாகவே தேறியிருப்பார்கள்? துயருற்ற பிள்ளைகளைச் சிகிச்சையின்றி விட்டுவைப்பது சரியா என்ற அறம் சார்ந்த கேள்வியும் உடனே எழும். இவ்வளவும் ஒரே ஆய்வுக் கட்டுரைக்குள் கிடக்கின்றன: நம்பிக்கை தரும் செய்தி, அதன் எல்லை, அதன் அறம். உளவளத்துணை அலகு மட்டும் படித்தவருக்கு முதலாவது மட்டும் கண்ணில் படும்.

நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு உளவியலில் இதைவிடக் கசப்பான பாடமும் உண்டு. பேரனர்த்தம் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவரை இருத்தி, பட்டதையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்தால் பின்னால் மனவடு வராது என்ற நம்பிக்கை தொண்ணூறுகளில் உலகெங்கும் பரவியது. கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். பிரித்தானியாவில் தீக்காயப்பட்டோரிடம் அதைச் சோதித்து 1997இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 13 மாதங்களின் பின் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதமானோருக்கும், சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதமானோருக்கும் மனவடு நோய் இருந்தது. முறையியல் படித்த மாணவி இங்கேயும் நிறுத்திக் கேட்பாள்: இரண்டு குழுக்களும் தொடக்கத்தில் சமமாக இருந்தனவா? முழுக்கச் சமமாக இல்லை. பேசவைக்கப்பட்ட குழுவினரின் பாதிப்பு தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தது. ஆகவே அந்த ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2002ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வும் அந்த முறை நோயைத் தடுக்கவில்லை என்ற முடிவுக்கே வந்தது. சுனாமிக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஒற்றை அமர்வு முறையைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. கரையோர முகாம்களுக்கு உதவவென்று வந்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். எந்த நல்லெண்ணத்துக்கு இடம் கொடுப்பது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்று சொல்லக்கூடிய உள்ளூர்ப் பட்டதாரிகள் அப்போது போதிய அளவில் இருந்திருந்தால் அந்த மக்களுக்கு அது ஒரு காவலாக இருந்திருக்கும்.

உளவளத்துணை அறைக்கு வெளியே காப்பாற்றப்பட்ட உயிர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. அன்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பத்து ஆண்டுகளில் அது ஏறக்குறையப் பாதியாகியது. போர், வேலையின்மை, குடிப்பழக்கம், விவாகரத்து ஆகியவற்றின் போக்கையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளின் இறக்குமதிக்கு 1995இலும் 1998இலும் விதித்த தடைகளே அந்த வீழ்ச்சியோடு பொருந்துகின்றன என்று 2007இல் காட்டினார்கள். முந்திய பத்தாண்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 20,000 சாவுகள் குறைந்திருந்தன. எந்த உளவளத்துணைத் திட்டமும் இந்த நாட்டில் அந்த அளவு உயிர்களைக் காத்ததாக நான் அறியேன். யாழ்ப்பாணத்திலோ போர் தீவிரமான காலத்தில் தற்கொலை வீதம் இறங்கியதை 1995இல் வெளியான ஒரு கட்டுரையில் தயா சோமசுந்தரமும் அவரோடு ஆய்வு செய்தவரும் எடுத்துக்காட்டியிருந்தார்கள். துன்பம் கூடினால் தற்கொலையும் கூடும் என்ற பொதுப் புத்திக்கு நேர்மாறான முடிவு இது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் 1897இல் ஐரோப்பியப் போர்களை வைத்துச் சொன்னதோடு அது ஒத்துப்போகிறது. இப்படியான அறிவு அழுகையைக் கேட்பதால் மட்டும் வராது. பதிவேட்டைத் திறந்து எண்ணத் தெரிந்தவருக்குத்தான் வரும்.

'ஆர்ட்ஸ் படித்த பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படி ஓடும்?' என்ற மறுப்புத்தான் முதலில் எழும். இதை ஏற்கக் கூடாது. உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவர் பலர் எடுக்கும் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தில் கருதுகோள் என்றால் என்ன, தொகுத்தறிவு எங்கே பிழைக்கும், ஒரு கூற்றைப் பொய்ப்பிப்பது ஏன் முக்கியம் என்று பொப்பர் சொன்னார் என்பதெல்லாம் வருகின்றன. பரிசோதனை உளவியலின் முதுகெலும்பு அதுதான். பிள்ளைகள் அதைத் தமிழிலேயே, பதினெட்டு வயதிலேயே படித்துவிட்டுத்தான் கம்பஸுக்குள் வருகிறார்கள். அதற்கும் மேலாக, யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியலின் கையிலிருந்து தப்பிய வீடு ஏது? எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல் ஒரு தலைமுறையின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. இன்று பிள்ளைகள் காத்திருக்கும் இசட் புள்ளி, சராசரியிலிருந்து ஒருவர் எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறார் என்ற கணக்கேயன்றி வேறில்லை. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து அந்தப் புள்ளியைக் கணித்தார்கள்; 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லாது என்று தீர்த்தது. இரண்டு வேறு குடித்தொகைகளை ஒன்றாகக் கருதினால் என்ன நடக்கும் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லித்தராது. தன் வாழ்க்கையைத் தீர்மானித்த எண்ணை விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு மற்ற எண்களும் விளங்கும். கற்பிப்பவர் இங்கிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு கனமானது. மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது. இந்த அளவுகோல்கள் எல்லாம் வெளிநாட்டில் வெட்டித் தைத்த சட்டைகள், நம் துயரத்தை அவற்றால் அளக்க முடியாது, ஆகவே அளவீட்டுப் பாடங்களால் நமக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். முதற்பாதி உண்மை. 2003 முதல் 2007 வரை முன்னணி உளவியல் சஞ்சிகைகள் ஆறில் வெளியான ஆய்வுகளை எண்ணிப் பார்த்த உளவியலாளர் ஆர்னெட், அவற்றில் பங்குபற்றியோரில் 96 சதவீதமானவர்கள் மேற்கத்தியத் தொழில்வள நாட்டினர் என்று காட்டினார். அந்த நாடுகளில் வாழ்வோர் உலக மக்களில் 12 சதவீதம்தான். ஆனால் இந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது எது? எண்ணிக்கைதான். இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் கற்பிக்கும் கயத்ரி பெர்ணாண்டோ, இந்த நாட்டு மக்களிடம் அவர்கள் துயரத்தை அவர்கள் சொற்களிலேயே கேட்டு, அதிலிருந்து ஓர் உள்ளூர் அளவுகோலை 2008இல் உருவாக்கினார். மேற்கத்திய வினாக்கொத்து ஒருவரின் உள்ளுக்குள் நடப்பதைத் தேடுகிறது. இங்குள்ளவர்களோ குடும்பத்திலும் ஊரிலும் தம் இடம் குலைந்ததையே துயரமாகச் சொன்னார்கள். சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்று எழுதியதும் இந்தத் திசையில்தான். உளவியல் அளவீடு படிக்காமல் பெர்ணாண்டோ அந்த அளவுகோலைச் செய்திருக்க முடியுமா? வெளியாரின் கருவியை மறுப்பதற்கும் நமக்கொரு கருவி செய்வதற்கும் ஒரே பாடம்தான் தேவைப்படுகிறது. மேற்கிலும் உளவியல் தன்னைத்தானே இப்படித்தான் திருத்திக்கொள்கிறது: பெயர்பெற்ற சஞ்சிகைகளில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்த குழுவொன்று, அவற்றில் 36 சதவீதமே மீண்டும் புள்ளிவிபர ரீதியில் கணிசமான முடிவைத் தந்தன என்று 2015இல் அறிவித்தது. பாடநூலில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாத மாணவர்களைத்தான் இந்தத் துறை இன்று கேட்டு நிற்கிறது.

வேலை பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்லலாம். இளங்கலைப் பட்டம் எவரையும் சிகிச்சை உளவியலாளர் ஆக்காது. அதற்குப் பட்டமேற்படிப்பும் மேற்பார்வையின் கீழ் நீண்ட பயிற்சியும் வேண்டும். உளவளத்துணை அலகுகள் நாலைந்து எடுத்தால் உளவளத்துணையாளர் ஆகிவிடலாம் என்று நம்பும் பிள்ளை மூன்றாம், நான்காம் வருடத்தில் ஏமாற்றத்தைத்தான் சந்திக்கும். மேற்படிப்புக்கு எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது ஆய்வேட்டையும் முறையியல் அறிவையும்தான். மேலே படிக்காமல் வேலைக்குப் போகிறவர்களுக்கும், பிரதேச செயலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ பாடசாலையிலோ ஒரு கணக்கெடுப்பை வடிவமைக்கவும் ஒரு திட்டம் பலன் தந்ததா என்று சொல்லவும் தெரிந்தால் அது தனி மதிப்பு.

ஆங்கிலம் ஒரு தடை என்பதை மறுக்க மாட்டேன். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்காமல் உளவியல் படிக்க முடியாது. ஆனால் விஞ்ஞானத்தைத் தமிழில் சிந்திக்க முடியும் என்று இந்த மண் ஏற்கனவே நிறுவியிருக்கிறது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் படித்தவர்கள் தமிழில் நோயாளியோடு பேசி வைத்தியம் பார்த்தார்கள். ஆங்கிலக் கட்டுரையை வாசித்து, அதைத் தமிழில் விவாதித்து, தமிழில் தரவு திரட்டும் பழக்கம் இரண்டாம் வருடத்திலேயே தொடங்கினால் நான்காம் வருடம் பயம் போய்விடும்.

அப்படியானால் எதை எடுப்பது? முறையியல், புள்ளிவிபரவியல் இரண்டையும் முதலில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுங்கள். தனித்தனி வருடங்களில் சிதறவிட்டால் முன்னதை மறந்துவிடுவீர்கள். உயிரியல் உளவியலை ஒதுக்காதீர்கள். நித்திரை, வலி, மருந்து, மதுபானம் இவற்றைப் பற்றி வைத்தியரோடு பேச வேண்டிய இடத்தில் அது கைகொடுக்கும். வளர்ச்சி உளவியலும் சமூக உளவியலும் வேண்டும். இணைப் பாடம் எடுக்க இடமிருந்தால் சமூகவியலை எடுங்கள். சாதி, சீதனம், இடப்பெயர்வு, புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பும் காசு ஆகியவற்றைத் தெரியாமல் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் மனக்கவலையை விளங்கிக்கொள்ள முடியாது. இவற்றின் பிறகு அசாதாரண உளவியலுக்கும் உளவளத்துணைக்கும் போனால், அங்கே சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் 'ஆதாரம் என்ன?' என்று கேட்கும் திறனோடு போவீர்கள். இரண்டு பாட அலகுகளுக்கு இடையில் தடுமாறினால் எது பரீட்சைக்கு மேலாகக் களவேலையும் அறிக்கையும் கேட்கிறதோ அதை எடுங்கள். புள்ளி கொஞ்சம் குறையலாம். அது தாங்கக்கூடிய இழப்பு.

எதிர்காலத்தில் செய்ய வேண்டிய வேலையை நினைத்துப் பார்த்தால் இந்தத் தெரிவின் அவசரம் விளங்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று எழுபதுகளிலேயே விளக்கினார். துயரத்தை அளக்கும் வினாக்கொத்துகளில் பெரும்பாலானவை இறந்துபோனவரைப் பற்றிக் கேட்பவை. சாவை ஏற்க மறுப்பது அவற்றில் ஒரு நோய் அறிகுறி. கணவன் வருவான் என்று பொட்டையும் தாலியையும் வழக்கையும் கைவிடாமல் இருக்கும் ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது அவளை நோயாளியாக்கிவிடும். அவள் நிலையை மதித்துக் கேட்கும் தமிழ் வினாக்கள் வேண்டும். அவற்றைச் சிறு குழுவொன்றிடம் சோதித்து, திருத்தி, மறுபடி சோதித்து, யாருடைய அனுமதியோடு யாரிடம் கேட்பது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். நான்காம் வருட ஆய்வேட்டுக்கு அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துச் செய்ய ஒரு மாணவி விரும்பினால், இரண்டாம் வருடப் பதிவுப் படிவத்தில் முறையியலுக்கு நேரே அவள் புள்ளடி போட்டிருக்க வேண்டும்.